அடியிலிருந்து வந்த பேச்சு

படகுப் பட்டறையில் அவருக்கு வெடுக்கு மேஸ்திரி என்று பெயர். நேருக்கு நேர் அப்படிச் சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது, மேஸ்திரி என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். "நாளைக்குள்ள முடிஞ்சிருமா மேஸ்திரி?" என்று எவனாவது வாய் தவறிக் கேட்டுவிட்டால், "முடியும்னா சொல்லியிருப்பேன்ல, வாயில என்ன பசையா போட்டு ஒட்டி வச்சிருக்கேன்?" என்று வரும் பதில். ஏன்டா கேட்டோம் என்று அவன் போய்விடுவான். இருந்தாலும் ஃபைபர் வேலை என்று வந்தால் இவரைத் தேடித்தான் வருவார்கள். மனுஷன் வாய்தான் அப்படி, கை சுத்தம்.

அவர் சம்சாரத்தைப் பட்டறையில் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுவார்கள். அறுபது வயதுப் படகுக்காரர் கூட அக்கா என்பார். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

இந்தத் தடவை வந்தது அந்த அறுபது வயதுக்காரரின் படகுதான். முன்பக்க டெக்கில் கால் வைத்தால் நனைந்த மெத்தை மாதிரி அமுங்கியது. ஃபைபர் டெக் என்றால் மேலே ஒரு தோல், கீழே ஒரு தோல், நடுவில் பலகை. திருகாணி போட்ட ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி, யாருக்கும் தெரியாமல் நடுப்பலகை ஊறி மக்கிவிட்டிருந்தது. மேலே கால் வழுக்காமலிருக்க அச்சில் வார்த்த வரிகள் உண்டு. வெட்டித் திறந்தால் அந்த வரி திரும்ப வராது.

"மேல கை வைக்காதீங்க மேஸ்திரி. அடியில இருந்தே பாத்துக்கங்க" என்றார் படகுக்காரர்.

"நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?" என்றார் மேஸ்திரி. அவரும் அப்படித்தான் செய்ய நினைத்திருந்தார். அதைச் சொல்லிவிட்டால் அவர் மேஸ்திரி இல்லையே.

டெக்குக்கு அடியில், படகின் மூக்கில், நங்கூரக் கயிறு போட்டு வைக்கிற ஓர் அறை. அறை என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு ஆள் பலகையில் மல்லாந்து படுக்கலாம், முழங்காலை மடக்கினால் மேலே இடிக்கும். போக வர ஒரே ஒரு சதுர வாய், அதிலும் தோளை ஒருக்களித்துத்தான் இறங்க வேண்டும். அதற்குள் படுத்துக்கொண்டு தலைக்கு மேலே வேலை செய்ய வேண்டும். கீழ்த்தோலை அறுத்தெடுத்து, மக்கின பலகையைச் சுரண்டியபோது டீ வடிகட்டின சக்கை மாதிரி அவர் நெஞ்சில் கொட்டியது. பிறகு பெரிய பல்புகளைத் தொங்கவிட்டு ஈரம் போகக் காய வைத்தார். காய்ந்ததா என்று அவர் கன்னத்தை வைத்து வைத்துப் பார்த்ததை அக்கா மேலிருந்து பார்த்துச் சிரித்தாள்.

"என்ன இளிப்பு? கன்னத்துக்குத் தெரியுற ஈரம் கைக்குத் தெரியாது" என்றார்.

இதுவரை பயமில்லை. பயமெல்லாம் ஃபைபரை ஒட்டுகிற ரெசின் பசை உள்ளே போகிற நாளில்தான். மேஸ்திரிக்கு மூக்கு போய்ப் பல வருஷமாயிற்று. வீட்டில் பால் பொங்கித் தீய்ந்து புகை வந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். ரெசின் ஆவி எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. மாஸ்க் ஒன்று இருக்கிறது. போட்டால் கண்ணாடியில் ஆவி படிகிறது, மூச்சு முட்டுகிறது என்று ஆணியில் மாட்டிவிட்டார், அது அங்கே தூசி குடித்துக்கொண்டு தொங்குகிறது.

அதனால் அக்காதான் அவருக்கு மூக்கு. அந்தச் சதுர வாய்க்குப் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொள்வாள். வெட்டின பிளாஸ்டிக் மக்கில் ரெசினை ஊற்றி, அதை இறுக வைக்கிற ஹார்ட்னர் சேர்த்துக் கலக்கி, உள்ளே நீட்டுவாள். கை வேலை அது. வாய் வேலைதான் முக்கியம். விடாமல் அவரோடு பேச வேண்டும். அதுவும் நல்ல பேச்சு பேசிப் பிரயோஜனமில்லை, வம்பு வளர்க்க வேண்டும்.

"கொல்லைக் குழாய் சொட்டிக்கிட்டே இருக்கு, எப்ப பாக்கப் போறீங்க?"

"நான் என்ன இங்க தூங்கிக்கிட்டா இருக்கேன்? ஒரு வாளிய வைக்கத் தெரியாதா?"

இப்படித் திட்டு வருகிற வரைக்கும் ஆள் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். ஆவி தலைக்கேறினால் அவர் குரல் குழையும். "கண்ணு" என்பார். "கையெல்லாம் எரியுதா கண்ணு?" என்று கேட்பார். கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் வாயிலிருந்து வராத வார்த்தை, டெக்குக்கு அடியில் வரும். வந்த மறுநிமிஷம் அக்கா அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துவிடுவாள். காற்றில் உட்கார்ந்து, மூஞ்சி கழுவி, ஒரு டீ உள்ளே போனால், "என்ன வேடிக்கை பாக்குற, மிச்ச ரெசின் இறுகுது பாரு" என்று பழைய ஆளாகிவிடுவார். சொன்னது ஒன்றும் ஞாபகமிருக்காது.

புருஷன் கண்ணு என்று கூப்பிட்டால் மற்ற வீட்டில் பெண்டாட்டிக்குச் சந்தோஷம். அக்காவுக்கு அது அபாய மணி. அப்படி ஒரு பிழைப்பு. ஆனாலும் சில சமயம், இழுப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை கூடக் கேட்டுக்கொண்டதுண்டு. ஆசைதான், வேறென்ன? அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது வீட்டு விஷயத்துக்கு வருவோம். இவர்களுக்கு ஒரே பெண். பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள், வளர்ந்த பிறகும் பாப்பாதான். ரெசின் டிரம் ஏற்றிக்கொண்டு பட்டறைக்கு வருகிற வேன் டிரைவரோடு பழக்கமாகி, ஒரு நாள் வீட்டில் சொல்லாமல் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். மேஸ்திரி கத்தவில்லை, அடிக்கக் கிளம்பவில்லை. "அந்தப் பேச்சு இனிமே இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது" என்றார். அவ்வளவுதான். அந்தக் கடை ரெசினையும் நிறுத்திவிட்டு, எங்கேயோ தள்ளியிருந்த வேறொரு கடையிலிருந்து வரவழைக்க ஆரம்பித்தார்.

முதல் டிரம்மைத் திறந்தபோதே அக்காவுக்குக் கண் எரிந்தது.

"இந்த ரெசின் மூக்கைப் பிய்க்குதுங்க. பழையதையே வாங்கலாமே."

"உனக்கு மூக்கு இருக்கு, பிய்க்குது. எனக்கென்ன?"

"அதுக்குச் சொல்லல..."

"நீ எதுக்குச் சொல்றேன்னு தெரியும். போய் வேலையப் பாரு."

போன வாரம் பாப்பா போன் செய்தாள். அக்கா குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு பேசினாள். பாப்பா மாசமாக இருக்கிறாள். காலெல்லாம் வீக்கம், படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேன்காரன் விடிந்தால் ரோட்டில், இருட்டினால் வீட்டில். "ஒத்தையில பயமா இருக்கும்மா. அங்க வந்து இருக்கட்டுமா? அப்பா கதவைச் சாத்திருவாராம்மா?"

என்ன சொல்லுவாள் பெற்றவள்? அன்று ராத்திரி சாப்பாட்டில், "பாப்பா..." என்று ஆரம்பித்தாள். மேஸ்திரி தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார். பாதிச் சோறு அப்படியே கிடந்தது. வயிற்றுப் பிள்ளையோடு வந்து நிற்கிறவள் முகத்துக்கு நேரே இந்த மனுஷன் கதவைச் சாத்தினால், அதற்குப் பிறகு இந்த ஜன்மத்தில் மகள் முகத்தைப் பார்க்க முடியாது என்று அக்காவுக்குத் தெரிந்தது. அதிலிருந்து அவளுக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை.

நடுப்பலகை ஒட்டுகிற நாள் காற்றே இல்லை. கடல் எண்ணெய் ஊற்றினது மாதிரிக் கிடந்தது. வானம் மூடிக்கொண்டு, மழையும் பெய்யாமல், வெயிலும் அடிக்காமல், ஒரே புழுக்கம். பட்டறை நாய் கூடப் படகின் நிழலை விட்டு நகரவில்லை. பக்கத்துப் படகில் வெல்டர் தம்பி வேலையை நிறுத்திவிட்டுச் சட்டையைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தான்.

"இன்னைக்கு வேணாங்க. காத்து வரட்டும்" என்றாள் அக்கா.

"காத்து வந்து ஒன்கிட்டச் சொல்லிட்டுப் போகுமா? வெட்டின பலகை ஈரம் வாங்குது. எறங்குறேன், தள்ளு."

இறங்கினார். அந்தச் சதுர வாயில் ஒரு சின்ன ஃபேன் வைத்திருந்தார்கள், உள்ளே காற்றுத் தள்ளுவதற்கு.

"ஃபேனை நிறுத்து. தின்னர் போட்டுத் தொடைக்கப் போறேன். மோட்டார்ல ஒரு பொறி விழுந்தா ரெண்டு பேரும் போயிருவோம்."

"நிறுத்தியாச்சு."

துடைத்தார். அக்கா பலகைத் துண்டுகளில் ரெசின் தடவித் தடவி ஒவ்வொன்றாக நீட்டினாள். அவர் அதை மேலே வைத்து அழுத்தி, கீழிருந்து கம்பு கொடுத்து முட்டு வைத்தார்.

"சின்ன முட்டுக் கம்பைக் குடு. சின்னதுன்னேன். காது என்ன பொடனியிலயா இருக்கு?"

"எல்லாம் ஒண்ணு போலக் கெடக்கு, எது சின்னது எது பெருசுன்னு எனக்கெப்படித் தெரியும்?"

"இத்தனை வருஷம் என்னத்தைக் கத்துக்கிட்டே? ஆப்பு குடு. சுத்தியக் குடு."

டொக் டொக் என்று ஆப்பு அடிக்கிற சத்தம் டெக் வழியாக அவள் நெஞ்சில் வந்து இடித்தது. பலகைக்கும் மேல்தோலுக்கும் நடுவிலிருந்து ரெசின் பிதுங்கி அவர் கழுத்தில் சொட்டியதைப் பார்த்தாள்.

"ஃபேன் போடட்டுமா?"

"அடுத்து மேட் ஒட்டணும். இப்ப ஃபேன் போட்டா அந்த நார்த்துணி பறந்து என் மூஞ்சில ஒட்டும். பொணத்தை மூடுற மாதிரி மூடணும்னு ஆசையா? சும்மா கிட."

அக்காவுக்கு நிம்மதியாக இருந்தது. இவ்வளவு நல்ல திட்டு வந்து நாளாயிற்று.

நார்த்துணியைத் துண்டு துண்டாகக் கொடுத்தாள். அவர் ஒட்டி, ரெசின் பூசி, ரோலரால் தேய்த்தார். கரகரவென்று ரோலர் சத்தம். புது ரெசின் அவள் கண்ணில் குத்தியது, முகத்தைத் திருப்பி மூச்சு வாங்கிக்கொண்டாள். வெல்டர் தம்பி டீ குடிக்கப் போகிறேன் என்று அங்கிருந்து சைகை காட்டினான். இவள் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"கண்ணு" என்றார் மேஸ்திரி.

அக்காவின் கை சட்டென்று உள்ளே போய்க் காலரைப் பிடித்தது. அவள் யோசித்துச் செய்வதில்லை அது, கை தானாகச் செய்வது.

"பாப்பா சின்னப்புள்ளையா இருக்கறப்ப இப்படித்தான் மேல இருந்து எட்டிப் பாக்கும். தலைமுடி தொங்கும். ரெசின் பட்டுரும் போ போம்பேன். போகாது."

பாப்பா என்ற சொல்லை அவர் வாயால் கேட்டு எத்தனை காலமாயிற்று. அக்காவின் பிடி தளர்ந்தது. கை காலரிலேயேதான் இருந்தது, ஆனால் இழுக்கவில்லை. இப்போது இழுத்தால் காற்றில் உட்காருவார், டீ குடிப்பார், எல்லாம் போய்விடும். பழைய ரெசினில், கண்ணு என்றதற்கு அப்புறமும் கொஞ்சம் அவகாசம் இருக்கும், அது அவளுக்குப் பழக்கம். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு கேட்டுவிட்டாள்.

"பாப்பா இங்க வந்து இருக்கணும்னு சொல்றா."

"வரட்டுமே. மாசமா இருக்கறவ எங்க போவா?"

"உங்களுக்கு யார் சொன்னா?"

"நீ குளியலறைல தண்ணியத் தொறந்துவிட்டுட்டுப் பேசினா எனக்குக் கேக்காதா? மூக்குதான் போச்சு, காது இருக்கு." சிரித்தார். டெக்குக்கு அடியிலிருந்து அந்தச் சிரிப்பு வந்தபோது அக்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"மாப்பிள்ளைய என்ன செய்யறது?"

"அவன் நல்ல பய. டிரம்மை எறக்குறப்பத் தரையில இடிக்கவே மாட்டான். மெதுவா வைப்பான், பச்சப்புள்ளையத் தொட்டில்ல போடற மாதிரி. அவன் மேல கோவமில்ல கண்ணு. அவ என்கிட்டச் சொல்லாமப் போயிட்டா. நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?"

"சொல்லியிருப்பீங்க."

"சொல்லியிருப்பேன். அப்புறம் சரின்னு சொல்லியிருப்பேன்."

இவ்வளவு போதும். இத்தோடு இழுத்திருக்க வேண்டும். ஆனால் வெளியே வந்தால் மறந்துவிடுவாரே என்ற பயம் அவளைப் பிடித்து ஆட்டியது. இன்னும் ஒன்றே ஒன்று, கெட்டியாக, கையில் அடித்த மாதிரி வாங்கிக்கொண்டால் போதும் என்று நினைத்தாள்.

"வெளிய வந்தும் இதையே சொல்வீங்களா? அவ வந்து வாசல்ல நின்னா உள்ள வான்னு சொல்வீங்களா?"

"சொல்றேன்... கண்ணு. சிரிச்ச மொகமா..."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் குனிந்தபோது ரோலர் சத்தம் இல்லை. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

"என்னங்க."

உள்ளே ரெசின் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"என்னங்க, குழாய் சொட்டுது. எப்ப பாக்கப் போறீங்க?"

காலரைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. சொட்டின ரெசின் முதுகுக்கடியில் ஓடி இறுகி, சட்டையை அவர் படுத்திருந்த பலகையோடு ஒட்டியிருந்தது. இன்னும் இழுத்தாள், காலர் கிழிந்து கையோடு வந்தது. தலையை உள்ளே விட்டு அக்குளுக்குள் கையைக் கொடுத்தாள். அந்த ஆவியில் அவளுக்கே கண் இருட்டியது. வெளியே தலையை எடுத்து வெல்டர் தம்பியைக் கூப்பிட்டாள். கூப்பிட்ட குரலில் டீக்கடையிலிருந்து நாலு பேர் ஓடி வந்தார்கள். தம்பி கத்தியால் சட்டையை முதுகுப் பக்கமாகக் கிழித்து, ஆளைத் தூக்கி வெளியே போட்டான். உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு இருக்கிறதா என்று அவள் அவர் மூக்கில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். இருந்தது, நூல் மாதிரி.

ஆஸ்பத்திரியில் காற்றுக் குழாய் வைத்தார்கள். "பேச்சு நின்னதும் உடனே இழுத்தீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"உடனே இழுத்துட்டேன்."

பேச்சு எப்போது மாறியது என்று அவர் கேட்கவில்லை. இவளும் சொல்லவில்லை.

கண் விழித்ததும் மேஸ்திரி முதலில் அவளைத்தான் பார்த்தார். "சாப்பிட்டியா கண்ணு?" என்றார். பக்கத்துக் கட்டில்காரி, "உங்க வீட்டுக்காரருக்கு உங்க மேல எவ்வளவு பிரியம்" என்றாள். இன்னும் ஆவி இறங்கவில்லை என்று அக்கா தன்னைத் தேற்றிக்கொண்டாள். மூஞ்சியைத் துடைத்துவிட்டாள். டீ வாங்கிக் கொடுத்தாள். காத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்தும் இறங்கவில்லை. ரத்தமெல்லாம் சரி, எக்ஸ்ரே சரி, போகப் போகத் தெளிஞ்சிரும் என்றுதான் டாக்டர் சொல்லி அனுப்பினார். மேஸ்திரி காலையில் எழுந்து, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரைப் பார்த்துச் சிரித்தார். குழாய் சொட்டியது, "சொட்டட்டும் கண்ணு, பாவம்" என்றார். படகுக்காரர் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்.

"உள்ள முட்டெல்லாம் அப்படியே நிக்குது மேஸ்திரி. எப்ப எடுக்கலாம்?"

"உங்க இஷ்டம்."

படகுக்காரர் ஒரு நிமிஷம் திகைத்து, அப்புறம் பெரிதாகச் சிரித்தார். "அக்கா, ஆஸ்பத்திரில நம்ம மேஸ்திரிக்கு நல்ல வாயா ஒண்ணு மாட்டி அனுப்பிட்டாங்க போல."

"அதுல யாரும் கை வைக்காதீங்க. நல்லா இறுகட்டும். நான் வந்து தட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள் அக்கா. முட்டுகளை எப்போது எடுப்பது என்று வேறொருவன் இஷ்டத்துக்கு விடுகிற ஆள் அவள் வீட்டில் உட்கார்ந்திருந்தார். வேறு யாரோ ஒருவரை அவர் சட்டையைப் போட்டு அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்தாள்.

பாப்பா வந்துவிட்டாள். விஷயம் கேள்விப்பட்டு, கேட்காமல் கொள்ளாமல், வீங்கின காலோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். வாசலில் அப்பாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். மேஸ்திரி எழுந்தார். நடந்து போய்ப் பையை வாங்கிக்கொண்டார்.

"உள்ள வாம்மா. வேன் ஓட்டற தம்பி வரலையா?"

பாப்பா அவர் தோளில் சாய்ந்து ஏங்கி ஏங்கி அழுதாள். அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தார். முகமெல்லாம் சிரிப்பு. அடியில் படுத்துக்கொண்டு சொன்னபடியே எல்லாம் நடந்தது, ஒன்று குறையாமல். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்று அதைப் பார்த்தாள்.

"அப்பா எவ்வளவு மாறிட்டாரும்மா. நான் எப்படிப் பயந்துக்கிட்டு வந்தேன் தெரியுமா?" என்று பாப்பா அடுப்படியில் வந்து கட்டிக்கொண்டாள். "நீதானேம்மா பேசி வழிக்குக் கொண்டு வந்தே?"

"ஆமா, நான்தான்" என்றாள் அக்கா.

அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அவள் அவருக்குத் திட்டு வரவழைக்கப் பார்த்தாள். வாளியை வேண்டுமென்றே கீழே போட்டாள். அவர் கண்ணாடியை ஒளித்து வைத்தாள். பட்டறையில் ஹார்ட்னரைக் கண்ணளவாக ஊற்றுகிறேன் என்று சொல்லிப் பார்த்தாள், முன்னே அதற்கு வீடே இரண்டுபட்டிருக்கும். "ஊத்திக்க கண்ணு" என்றார். கண்ணு என்ற சொல்லைக் கேட்டாலே அவள் கை காலரைத் தேடிப் போனது. பிடித்து இழுத்து எங்கே கொண்டு வருவது? வெளியேதான் உட்கார்ந்திருக்கிறார்.

அன்று சாயங்காலம் அப்பாவும் மகளும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா டீ போட்டாள். மூக்கு போனாலும் மேஸ்திரிக்கு நாக்கு உண்டு. சர்க்கரை ஒரு சிட்டிகை குறைந்தால், "ஒன் வீட்டுல வெந்நீருக்கு டீன்னா பேரு?" என்று டம்ளரைத் தள்ளுவார். அவர் டம்ளரில் அவள் சர்க்கரை போடவில்லை. உப்பை அள்ளி இரண்டு கரண்டி போட்டுக் கலக்கினாள். கொண்டு போய்க் கொடுத்துவிட்டு எதிரிலேயே நின்றாள். தூக்கி என் மூஞ்சில எறிங்க, ஒரே ஒரு தடவை எறிங்க என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

மேஸ்திரி ஊதி ஊதிக் குடித்தார்.

பாப்பாவுக்குச் சின்ன வயதிலிருந்தே அப்பா டம்ளரில் ஒரு வாய் பிடுங்கிக் குடிக்காவிட்டால் ஆகாது. சிரித்துக்கொண்டே வாங்கி ஒரு வாய் குடித்தாள். குடித்தவள் திரும்பி மண்ணில் துப்பினாள்.

"என்னப்பா இது, உப்புக் கரிக்குது. இதையா குடிச்சிக்கிட்டிருக்கீங்க?"

"உங்கம்மா போட்டது. நல்லாத்தான் இருக்கு."

பாப்பா டம்ளரைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். வந்த நாளிலிருந்து அவள் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் போனது. "அம்மா, அப்பாவுக்கு என்ன ஆச்சு? உள்ள என்ன நடந்துச்சு?" என்று கேட்டாள். அக்கா டம்ளரை வாங்கக் கையை நீட்டினாள்.

"அவளை ஒண்ணும் சொல்லாத கண்ணு" என்றார் மேஸ்திரி. மகள் கையிலிருந்து டம்ளரை வாங்கி, மிச்சத்தையும் குடித்து முடித்தார்.